வியூஃபைண்டருக்கு என்ன பவர்?

“அண்ணே, எனக்கு மைனஸ் மூணு. கேமராவுக்கும் ஒரு மைனஸ் மூணு லென்ஸ் வாங்கிப் போட்டுட்டா மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு எடுக்கலாம்ல?”

கேட்டது ஆலத்தூர் கேட் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற தம்பி ஒருவர். பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டே இதைவிடச் சிக்கலான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “போடலாம், ஆனா எந்த மைனஸ் மூணு?” என்று நான் திருப்பிக் கேட்டதும், தெரியாத ஆளிடம் கேட்டுவிட்டோமோ என்பது போல ஒரு பார்வை பார்த்தார். அவர் பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். தம்பி படிப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். வியூஃபைண்டருக்குள் படம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக எடுக்கும் படம் மங்கலாகாது. கேமரா தானாக ஃபோகஸ் செய்கிறது என்றால் உங்கள் கண்ணின் பவர் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கண்ணுக்கும் வியூஃபைண்டருக்கும் உள்ள கணக்கு தனி, லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள கணக்கு தனி. ஆனால் கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்கிறவர்களுக்கு இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். பழைய ஃபிலிம் கேமராக்காரர்களும், மேக்ரோ எடுப்பவர்களும், பழைய லென்ஸை மாட்டி விளையாடுகிறவர்களும் இந்தக் கூட்டம். தானாக ஃபோகஸ் செய்கிற கேமராவிலும், முகூர்த்தம் முழுக்க மங்கலான சன்னலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் மாலையில் தலைவலிக்காமல் என்ன செய்யும்?

இனி விஷயம். மிரர் உள்ள கேமராவில் லென்ஸ் வழியாக வரும் படம் ஒரு சின்ன மங்கல் கண்ணாடித் தகட்டில் விழுகிறது. அந்தத் தகடு நம் கண்ணிலிருந்து சில அங்குலம்தான் தள்ளி இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பதை யார் கண்ணாலும் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால்தான் நாம் கண்ணை வைக்கும் இடத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். அது படத்தைப் பெரிதாக்குவதோடு, அந்தப் படம் தொலைவில் நிற்பது போலவும் காட்டுகிறது. எவ்வளவு தொலைவில்? நிக்கான் உட்படப் பல கம்பெனிகள் ஏறக்குறைய 1 மீட்டர் என்று வைத்திருக்கின்றன. நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் காரை என்ற இடத்து மலட்டுக்காட்டின் கடைசி மேட்டைப் பார்த்தாலும் சரி, காலடியில் கிடக்கும் புதைபடிவத்தைப் பார்த்தாலும் சரி, கண்ணைப் பொறுத்தவரை படம் அந்த ஒரு மீட்டரிலேயே நிற்கிறது. லென்ஸில் தூரம் எவ்வளவு மாறினாலும் கண்ணுக்கு உரிய தூரம் மாறாது.

டயாப்டர் என்பது மீட்டரைத் தலைகீழாக்கினால் கிடைக்கும் எண். 1 மீட்டர் என்றால் 1 டயாப்டர், அரை மீட்டர் என்றால் 2, மூன்றில் ஒரு பங்கு மீட்டர் என்றால் 3. ஒரு மீட்டரில் படத்தை நிறுத்தும் வியூஃபைண்டரை மைனஸ் 1 என்று குறிக்கிறார்கள். அதாவது, கேமரா பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே அதன் கண்ணில் ஒரு மைனஸ் 1 குடியிருக்கிறது. நேராக அடிவானத்திலேயே நிறுத்தியிருக்கலாமே என்றால், பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறோம் என்ற நினைப்பிலேயே இளம் கண் கொஞ்சம் கிட்டப் பார்வைக்குத் தன்னை இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு மீட்டர் தோதாக இருக்கிறது.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. கண்ணில் சரியாக மைனஸ் 1 உள்ளவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்கும் எல்லையும் ஒரு மீட்டர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வியூஃபைண்டருக்குள் பார்த்தால் பளிச்சென்று தெரியும். கேமராவைக் கீழே இறக்கினால் எதிரில் வரும் பஸ்ஸின் போர்டு தெரியாது. எந்த லென்ஸும் வாங்க வேண்டாம். இந்த ஒரு விவரம் தெரியாமல் மைனஸ் 1 காரர்கள் லென்ஸ் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

மைனஸ் 3 தம்பிக்கு வருவோம். அவர் கண்ணின் எல்லை 33 சென்டிமீட்டர். படம் நிற்பது ஒரு மீட்டரில். படத்தை அவர் எல்லைக்குள் இழுத்துவர வியூஃபைண்டரின் மொத்தக் கணக்கு மைனஸ் 3 ஆக வேண்டும். ஏற்கெனவே உள்ளே மைனஸ் 1 இருக்கிறது. எனவே கூடுதலாகத் தேவைப்படுவது மைனஸ் 2 கண்ணாடித் துண்டு. குழப்பம் தொடங்குவது இங்கேதான். நிக்கான் விற்கும் டிகே-20சி என்ற திருத்த லென்ஸில் அச்சடித்திருக்கும் எண், கேமராவின் மைனஸ் 1ஐயும் சேர்த்த மொத்த எண். ஆகவே தம்பி கடையில் கேட்க வேண்டியது ‘மைனஸ் 3’ என்று எழுதிய பெட்டி. அதற்குள் இருக்கும் கண்ணாடியோ உண்மையில் மைனஸ் 2. அதே வேலையை கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்துகொண்டால் அங்கே கேட்க வேண்டியது மைனஸ் 2. லைக்கா எம் வரிசையில் வியூஃபைண்டரில் இருப்பது மைனஸ் அரைதான். மைனஸ் 1 கண்ணுக்கு அங்கே கூட்ட வேண்டியது மைனஸ் அரை, பிளஸ் 1 கண்ணுக்கு பிளஸ் ஒன்றரை. எந்த மைனஸ் மூணு என்று நான் கேட்டதற்கு அர்த்தம் இப்போது புரிந்திருக்கும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ‘0’ என்று எழுதிய லென்ஸ். பவரே இல்லாத லென்ஸை எதற்குக் காசு கொடுத்து விற்கிறான் என்று தோன்றும். அது பவர் இல்லாத லென்ஸ் அல்ல. உள்ளே இருப்பது பிளஸ் 1. கேமராவின் மைனஸ் ஒன்றைக் கழித்து மொத்தத்தைச் சைபராக்கி, படத்தை ஒரு மீட்டரிலிருந்து அடிவானத்துக்குத் தள்ளுகிறது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, தூரப் பார்வைக்குக் கண்ணாடியே தேவைப்படாத மனிதருக்கு உதவுவது அதுதான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இந்தக் கதையெல்லாம் எதற்கு, கேமராவிலேயே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறதே என்று கேட்கலாம். வியூஃபைண்டரின் ஓரத்தில், ரப்பர் கப்பை ஒட்டி இருக்கிறது அந்தச் சக்கரம். கேமரா வாங்கிப் பல வருடம் ஆகியும் அதைத் தொடாதவர்கள் நிறையப் பேர். சில பேருக்கு அது இருப்பதே தெரியாது. பெரும்பாலோரின் பிரச்சினை அந்தச் சக்கரத்திலேயே தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நிக்கான் டி5600ல் மைனஸ் 1.7லிருந்து பிளஸ் 1 வரை. டி3500ல் பிளஸ் பக்கம் அரையோடு நின்றுவிடும். கேனன் 1500டியில் மைனஸ் 2.5 முதல் பிளஸ் 0.5 வரை. டி850 போன்ற பெரிய கேமராவில் மைனஸ் 3 முதல் பிளஸ் 1. மிரர் இல்லாத சோனி ஏ7 மூன்றாம் மாடலில் மைனஸ் 4 முதல் பிளஸ் 3 வரை. இதைப் பார்த்தாலே ஒன்று தெரியும்: விலை குறைந்த கேமரா வாங்குகிறவனுக்குக் கண்ணும் நன்றாக இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சக்கரத்தைத் திருப்பும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில், காட்சியைப் பார்க்கக் கூடாது. உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும், சதுரக் கோடுகளையும், அடியில் ஓடும் எண்களையும் பார்க்க வேண்டும். லென்ஸை வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இன்னும் நல்லது, கவனம் சிதறாது. பழைய ஃபிலிம் கேமராவில் தகட்டில் இருக்கும் வட்டக் கோடே போதும். அடுத்து, சக்கரத்தை பிளஸ் கோடிவரை கொண்டுபோய்விட்டு அங்கிருந்து மெதுவாக மைனஸ் பக்கம் வர வேண்டும். கோடுகள் முதன்முதலாகக் கூர்மையாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் கூர்மையாகத்தான் தெரியும், அதில் ஏமாறக் கூடாது. மைனஸ் அதிகமானால் இளம் கண் உள்ளே தசையை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். அந்தச் சமாளிப்புதான் சாயங்காலத் தலைவலி. மைனஸ் குறைவாகப் போனாலோ கண்ணால் ஒன்றும் செய்ய முடியாது, மங்கல் மங்கல்தான். கண் டாக்டர்கள் பவர் பார்க்கும்போது இந்தப் பக்கமிருந்தே வருவதும் இதனால்தான்.

நேரமும் முக்கியம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் சுற்றுவட்டாரம்தான். பாடாலூரிலிருந்து கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் காரை போய்விடலாம். செக்கச் சிவந்த மண், மழை அரித்த ஓடைகள், நடுவே வெள்ளை வெள்ளையாய் ஜிப்சம் கீற்றுகள். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட் துண்டுகள் மண்ணில் கிடக்கும். பக்கத்து ஊட்டத்தூரின் பெயரைத்தான் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பாறைத் தொகுதிக்கே வைத்தார். (பார்க்கலாம், படம் எடுக்கலாம், பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. இதை ஒவ்வொரு பதிவிலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.) அங்கே உச்சி வெயிலில் மண்டியிட்டு மேக்ரோ எடுக்கும்போது, சக்கரம் எங்கே நின்றாலும் எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். அதே கேமராவோடு அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் வியூஃபைண்டருக்குள் எல்லாம் பஞ்சாகிவிடும்.

காரணம் கண்மணி. வெயிலில் அது ஊசித் துளையாகச் சுருங்குகிறது. சின்னத் துளை வழியே பார்த்தால் பவர் குறையெல்லாம் மறைந்துபோகும். கண்ணாடி இல்லாதபோது நாம் கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் அதே சூட்சுமம்தான். கேமராவில் அப்பர்ச்சரைச் சின்னதாக்கினால் முன்னும் பின்னும் தெளிவாவது போல. இருட்டத் தொடங்கும்போது கண்மணி விரியும், மறைந்திருந்த குறை வெளியே வரும். ஆகவே சக்கரத்தை நடுப்பகலில் வாசலில் நின்று சரிசெய்யாதீர்கள். சாயங்காலமோ, வீட்டுக்குள் மங்கலான விளக்கிலோ செய்யுங்கள். மண்டபத்துக்குள் வேலை செய்கிறவர் மண்டபத்துக்குள்ளேயே செய்துகொள்ளட்டும். அந்தி வெளிச்சத்தில் சரியாக இருக்கும் சக்கரம் வெயிலிலும் சரியாகவே இருக்கும்.

வயசு விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம். நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாள் கை நீளத்துக்குப் போகும், பிறகு கை நீளம் போதாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துக்கு வளையும் சக்தி குறைந்துவிடுகிறது. சிறுவயதில் அந்தச் சக்தி 10 டயாப்டருக்கு மேல் இருக்கும். 60 வயதில் 1 டயாப்டர் மிஞ்சினாலே பெரிது. வியூஃபைண்டர் கேட்பதோ சரியாக அந்த ஒரு டயாப்டரை. அதனால்தான் வருடக்கணக்காகக் கண்ணாடியே போடாத ஒருவருக்கு, கேமராவில் எதையும் மாற்றாதபோதே, ஒரு நாள் வியூஃபைண்டர் மங்கத் தொடங்குகிறது. அவர் சக்கரத்தை சைபர் பக்கம் நகர்த்த வேண்டும். சக்கரமே இல்லாத பழைய கேமரா என்றால் அந்த ‘0’ லென்ஸ். நிக்கான் எஃப்எம்2 வைத்திருப்பவர்களுக்கு வட்டமாக, திருகி மாட்டும் 19 மி.மீ. லென்ஸ்கள் இருந்தன, இப்போது பழைய சாமான் விற்பவர்களிடம் தேட வேண்டும்.

பொதுவாக ஒரு கணக்குச் சொல்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் கண் டாக்டர் சீட்டில் ‘டி.வி.’ என்று எழுதியிருக்கும் தூரப் பார்வை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் கண் பக்கம் வேண்டிய மொத்த எண் ஏறக்குறைய அதுவே. ‘என்.வி.’, ‘ஆட்’ என்று எழுதியிருக்கும் படிக்கிற பவர் இங்கே வேலைக்காகாது. வியூஃபைண்டர் கண்ணுக்கு அருகில் இருக்கிறதே என்று நினைத்து, பிளஸ் இரண்டு படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் பாருங்கள், அது முழுக்கத் தப்பு. படம் நிற்பது ஒரு மீட்டரில், நீங்கள் போட்டிருப்பது அரை மீட்டருக்கான கண்ணாடி. இன்னொன்று, நீங்கள் கேமராவில் எந்தக் கண்ணை வைக்கிறீர்களோ அந்தக் கண்ணின் வரிசையைப் பாருங்கள். பலருக்கு வலதுக்கும் இடதுக்கும் ஒரு பவர் வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் ‘உங்க பவர் என்ன’ என்றால் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் பாடு தனி. மேல் பகுதி தூரத்துக்கு, கீழ்ப் பகுதி படிக்க, நடுவில் வாய்க்கால் போல ஒரு குறுகிய வழி. வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போது எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறோம் என்பது கழுத்தின் சாய்வைப் பொறுத்தது. தலையை ஒவ்வொரு தடவை சாய்க்கும்போதும் வேறு வேறு பவர். நான் போட்டிருப்பதும் இதுதான் என்பதால், நிமிர்ந்து நேராகப் பார்க்கும்போது கிடைக்கும் மேல் பகுதிக்கென்றே சக்கரத்தை சைபர் பக்கம் வைத்திருக்கிறேன். கழுத்து தப்பித்தது.

சீட்டில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு நல்ல செய்தி குறைவு. திருத்த லென்ஸ்கள் எல்லாம் எல்லாப் பக்கமும் ஒரே வளைவு கொண்டவை. சிலிண்டரை அவை தொடாது. சக்கரமும் அப்படித்தான். சிலிண்டர் அரை, முக்கால் என்றால் அதில் பாதியை ஸ்பியர் என்ற சாதாரணப் பவரோடு சேர்த்துவிடலாம்: மைனஸ் 2 ஸ்பியர், மைனஸ் முக்கால் சிலிண்டர் என்றால் மைனஸ் 2.25, அல்லது 2.5 என்று வைத்துப் பார்க்கலாம், ஓடிவிடும். ஒன்றுக்கு மேல் போனால் ஓடாது. அப்படியானால் கண்ணாடிக் கடையில் சிலிண்டரோடு சேர்த்தே ஒரு துண்டை வெட்டி வாங்கி கேமராவில் ஒட்டிவிட்டால்? எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் சிலிண்டருக்கு ஆக்ஸிஸ் என்று ஒரு திசை உண்டு. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்வரை சரி. மணமக்களை நிற்க வைத்து எடுக்கக் கேமராவை நிமிர்த்தினீர்களானால் கண் அப்படியே இருக்கிறது, லென்ஸ் மட்டும் 90 டிகிரி திரும்பிவிடுகிறது. குறை தீர்வதற்குப் பதில் இரட்டிப்பாகும். சிலிண்டர் அதிகம் உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலிருப்பதே மேல். கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளுமென்றால் அதுவும் ஒரு வழி, இங்கே கல் குவாரித் தூசியில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது.

கண்ணாடியோடு பார்ப்பதில் ஒரே தொல்லை, ஓரங்கள் தெரியாமல் போவது. முழுப் படமும் தெரிய வேண்டுமானால் கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டி5600ல் அது 17 மி.மீ. மூக்குக்கண்ணாடியே கண்ணிலிருந்து 12, 13 மி.மீ. தள்ளித்தான் உட்கார்கிறது. அதற்கு மேல் ரப்பர் கப்பின் கனம் வேறு. மிச்சமிருப்பது என்ன? நிக்கான் இதற்கென்றே 1982ல் எஃப்3 எச்பி என்று ஒரு கேமரா கொண்டுவந்தது. கண் 25 மி.மீ. தள்ளி இருந்தாலும் நான்கு மூலையும் தெரியும். செகண்ட்ஹேண்ட் கேமரா பார்க்கப் போகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரப்பர் கப் கிழிந்துபோயிருந்தால் உடனே மாற்றுங்கள், கேமராவின் வெறும் விளிம்பு பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடியில் கோடு போட்டுவிடும். கண்ணாடியின் விலை கப்பின் விலையைப் போலப் பல மடங்கு.

கழற்றுவதா, போட்டுக்கொள்வதா என்பதில் என் தீர்ப்பு பவரைப் பொறுத்ததல்ல, எதைப் படம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கரைவெட்டி ஏரிக்கரையில் கேமராவுக்குள் பார்க்கிற நேரத்தைவிட வெளியே தேடுகிற நேரம்தான் அதிகம். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வந்து ஏரி நிறைந்திருக்கும் பருவத்தில் வரித்தலை வாத்துகள் நடுத் தண்ணீரில் புள்ளியாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் புள்ளி எனக்கு இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பதற்குள் அது பறந்துவிடும். 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி என்று பெருமையோடு போய், ஒன்றும் எடுக்காமல் திரும்ப வேண்டியதுதான். கல்யாணத்திலும் இதே கதை. “மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சொல்வதற்கு மாமா முதலில் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே, அதற்குத் தகுந்தபடி சக்கரத்தை வைத்துக்கொள்வதே சரி. காரையில் குனிந்து ஒரே கல்லை அரை மணி நேரம் பார்க்கும் மேக்ரோகாரருக்குத்தான் திருத்த லென்ஸ் உண்மையான வரம். வியர்வையில் கண்ணாடி வழுக்காது, ஆவி படியாது, கண்ணை நன்றாக ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எனவே தம்பி, உனக்கு என் யோசனை: லென்ஸே வேண்டாம்.

அப்படியும் வேண்டும் என்கிறவர்கள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. கேமராவை எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பழகிய கண்ணாடிக் கடைக்குப் போங்கள். பவர் பார்க்கும் இடத்தில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக வட்ட லென்ஸ்கள், கால் கால் பவராக. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வியூஃபைண்டருக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்துவிட்டால் கணக்கு, கிணக்கு எதுவும் வேண்டாம். எது தெளிவோ அதுவே கண்ணாடிக் கடையில் வெட்டச் சொல்ல வேண்டிய எண், நிக்கான் பெட்டி என்றால் மட்டும் கேமராவின் மைனஸ் 1ஐ அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நிக்கானின் கையேடே திருத்த லென்ஸை வாங்குவதற்கு முன் மாட்டிப் பார்க்கச் சொல்கிறது. திருச்சியிலேயே பெரிய கேமராக் கடைகளில் இந்த லென்ஸ் எல்லாப் பவரிலும் இருக்காது, ஆன்லைனில் வாங்கினால் மாட்டிப் பார்க்க முடியாது. கண்ணாடிக் கடைப் பெட்டிதான் நமக்கு வழி. எனக்குத் தெரிந்த கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு தானே ஆர்வமாகி அவர் மொபைல் கேமராவுக்கும் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார்.

அங்கேயே செய்தும் வாங்கலாம். சாதாரண ஒற்றைப் பவர் பிளாஸ்டிக் லென்ஸை ரப்பர் கப்பின் உள்ளளவுக்கு வெட்டித் தேய்த்துக் கொடுப்பார்கள். எந்தப் பவர் கேட்பது? உங்களுக்கு மொத்தம் மைனஸ் 4 வேண்டும், கேமரா டி5600 என்று வையுங்கள். சக்கரத்தை மைனஸ் கோடிக்குத் தள்ளினால் 1.7 வரை கிடைக்கும். மீதி 2.3, கடையில் கால் கால் பவராகத்தான் வெட்டுவார்கள் என்பதால் 2.25 ஆகிறது. ஆனால் நான் 2.5 என்று கேட்டு வாங்கச் சொல்வேன். சக்கரத்தைக் கோடியில் முட்டவிடாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டால் பின்னால் கண் மாறினாலும் சமாளிக்கலாம். மைனஸ் 6 போன்ற பெரிய பவர் என்றால் இன்னொரு கால் பவர் கூட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் கேமராவின் கண் உங்கள் மூக்குக்கண்ணாடியைவிடத் தள்ளி இருக்கிறது. கம்பெனி லென்ஸ் வாங்குவதானால் சதுரமா வட்டமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்: டிகே-20சி சதுரக் கண்ணுக்கு, டி850 மாதிரி வட்டக் கண்ணுக்கு டிகே-17சி. சதுர லென்ஸை மாட்டினால் ரப்பர் கப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்தால் வருத்தமாக இருக்கும்.

மிரர் இல்லாத கேமராக்காரர்கள் இவ்வளவையும் படித்தது வீண் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது குட்டித் திரை என்றாலும் அதன் முன்னே இருப்பதும் பூதக்கண்ணாடிதான். சக்கரத்தின் எல்லை பெரிது என்பதால் லென்ஸ் தேடும் வேலை மட்டும் மிச்சம்.

சக்கரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கேமராவைப் பற்றியதல்ல. பெரம்பலூர்ப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். யாஷிகா 120ல் குனிந்து பார்த்துத் தொழிலைத் தொடங்கியவர். அவர் கேமராவை நான் வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் சக்கரம் முன்பைவிட மைனஸ் பக்கம் போயிருக்கும். பையில் உரசித் திரும்பிவிட்டது என்று அவர் நினைத்தார், டேப் போட்டு ஒட்டியும் பார்த்தார். டேப்பை உரித்து மறுபடி திருப்ப வேண்டி வந்தது. அதே சமயம், “படிக்கிற கண்ணாடி இல்லாமலே இப்ப பேப்பர் படிக்கிறேன் தம்பி, கண்ணு இளசாயிட்டு வருது” என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் விஷயம் இருந்தது. கண்புரை லென்ஸின் நடுவில் தொடங்கினால் கண் மைனஸ் பக்கம் நகரும், வெள்ளெழுத்து கொஞ்ச காலம் விலகினது போல இருக்கும். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பவர் ஆடும். சக்கரம் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் கேமரா மெக்கானிக்கைத் தேடாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

அந்த அண்ணன் திருச்சிக்குப் போய் வலது கண்ணுக்குப் புரை அறுவை செய்துகொண்டார். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் சின்ன லென்ஸை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அரோலேப் 1992லிருந்து இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகுதான் சாதாரண ஜனங்களுக்கும் கட்டுப்படியானது. அந்த லென்ஸ் வளையாது. அதற்கு ஒரே ஒரு தூரம்தான் தெரியும். அவருக்குத் தூரத்துக்கு வைத்திருந்ததால், மைனஸ் கோடியில் நின்ற சக்கரத்தைச் சைபருக்குக் கொண்டுவந்து வைத்தோம். உள்ளே பார்த்துவிட்டு வெகுநேரம் கேமராவை இறக்கவில்லை. பிறகு போன வருட ஆல்பம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். புரையால் மஞ்சளடித்த கண்ணுக்குத் தக்கபடி கலர் திருத்திய படங்கள் அத்தனையும், மாப்பிள்ளை வேட்டி உட்பட, இப்போது அவருக்கு நீலம் பாரித்துத் தெரிந்தன. அறுவை ஆகாத இடது கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு இன்னும் வெள்ளை வேட்டிதான்.

“இடதையும் பண்ணிடலாமேண்ணே?” என்றேன்.

“மார்கழிக்கு வச்சிருக்கேன் தம்பி. முகூர்த்தம் இல்லாத மாசம்.”